ஹாரன் இல்லாத கார்

கொல்லிமலையில் ஜீப் ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு, மரவள்ளி அரைக்கும் மெஷினில் வலது கை விரல்கள் போயின. அதன்பின் வெளியே வரவே மாட்டார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மவுஸ் வாங்க, அடிவாரத்துக் கடைக்கு அவரை வம்படியாக இழுத்துப்போனேன்.

உருண்டை வைத்த அந்தக் காலத்து மவுஸ்கள் பலவும் வலது கைக்கே வளைந்திருந்தன. கடைக்கார பாய் தேடிப்பிடித்து, இருபுறமும் ஒரே மாதிரியான ஒன்றை அவர் இடது கையில் வைத்தார். மவுஸால் ஓட்டும் கார் விளையாட்டைப் போட்டு, "ஓட்டிப் பாருங்கண்ணா" என்றார்.

முதல் வளைவிலேயே இவர் கீபோர்டைத் தடவினார்.

"ஏனுங்க பாய், ஹாரன் எதுங்க?"

"இதுல ஹாரனே இல்லீங்கண்ணா."

"அடிக்காம வளைவுல எப்படீங்க திரும்பறது?" என்றவர், வாயாலேயே "பாம் பாம்" என்று அடித்து ஓட்டினார். பாய் சிரிக்க, இவரும் சிரித்துவிட்டார்.

அந்த மவுஸையே வாங்கினோம். திரும்பும்போது பஸ் மலையேற, வளைவு வரும்போதெல்லாம் இடது கையால் என் தோளை ஹாரன்போல அமுக்கிக்கொண்டே வந்தார். வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை.