மெல்பர்ன் தேவாலயத்தில் மூன்று இலைமுகங்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ரயிலில் போனேன். என் மனைவி சுபா மெல்பர்ன் பக்கம் கிளேட்டனில், ஒரு பல்கலைக்கழகத்தில் கோதுமை இலைகளைத் தாக்கும் நோய்களை ஆராய்கிறாள். நான் சிட்னியில் டூங்கபியில் தங்கி மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரண்டரை வருடமாக மாதம் ஒருமுறை இந்த அலைச்சல். இதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன பயன் என்று விட்டிருந்தேன். இந்தமுறை எழுதக் காரணம் இருக்கிறது. கிளம்பும் முன்பே சுபா போனில் நிபந்தனை போட்டுவிட்டாள்.

"வந்ததும் அந்தப் பேச்ச ஆரம்பிக்காத. சனிக்கிழமை என்கூட இலைமுகம் பாக்க வா. ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

அந்தப் பேச்சு இதுதான். மாதத்தில் ஒரு வாரம் கிளேட்டனிலிருந்து வேலை செய்ய என் அலுவலகம் விட்டிருந்தது. இனி ஐந்து நாளும் நேரில் வர வேண்டும், சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள். சேர்ந்து வாழ வேண்டுமானால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். யார் என்பதை இருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

இலைமுகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் தூண் உச்சியிலும் கூரைச் சந்திப்பிலும் ஒரு மனித முகம் இருக்கும். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் இலைக்கொடிகள் வெளியே வரும். சிலவற்றில் முகமே இலைதான். பச்சை மனிதன் என்ற பெயர் பிற்காலத்தில் வைத்தது. செதுக்கியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள், காட்டுத் தெய்வமா, பாவத்துக்கு எச்சரிக்கையா, ஒன்றும் உறுதியாகத் தெரியாது. சுபா படத்தை அனுப்பியபோது, நம் கோயில் திருவாசியின் உச்சியில் இருக்கும் சிங்கமுகத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்தேன்.

இனி பயணம். டூங்கபியில் காலை ஆறு மணிக்கு முன்பே ரயிலேறி சிட்னி சென்ட்ரல் நிலையம் வந்து, ஏழரை மணி வாக்கில் மெல்பர்ன் ரயில். பள்ளி விடுமுறை என்பதால் விமானக் கட்டணம் எகிறிக் கிடந்தது. ரயிலுக்கு நூற்றுப் பத்து டாலர் கொடுத்தேன். பதினொரு மணி நேரம் உட்கார வேண்டும். கோல்பர்ன் வரை புல்வெளியை ரசிக்கலாம், அதற்குப் பிறகும் அதே புல்வெளிதான். தயிர்சாதத்தை பதினொன்றரைக்கே முடித்துவிட்டேன். மாலை ஆறரைக்கு மெல்பர்ன், அங்கிருந்து கிளேட்டனுக்கு இன்னும் முக்கால் மணி. இறங்கும்போது முதுகு என்னுடையதாகவே இல்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நகரத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள அந்தத் தேவாலயத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஐரோப்பாவின் பழைய பாணியைப் பார்த்து இங்கே குடியேறியவர்கள் கட்டியது. வெளியே கறுத்த கல், உள்ளே வெளிர்நிறக் கல். நுழைவு இலவசம். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, முகம் ஒன்றுகூட அகப்படவில்லை. "இருபது மணி நேரம் தூங்க வேண்டிய மனுஷன இங்க கூட்டிட்டு வந்து..." என்று நான் முணுமுணுத்தது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"தமிழோ?" என்று ஒரு குரல். கல்யாணம் ஒன்றுக்காகப் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண்மணி. யாழ்ப்பாணத்துக்காரர்.

"இலை மூஞ்சிதானே தேடுறியள்? மூண்டு கிடக்கு. கீழ நிண்டு பாத்தாத் தெரியாது. நானும் ஏணியில ஏறினாப் பிறகுதான் கண்டனான்." கத்தரிக்கோலால் மேலே காட்டினார். "அந்தத் தூணில ரெண்டு. மற்றது வாசலுக்கு மேல. இந்தக் கதிரையில ஏறி நிண்டு பாருங்கோ, விழுந்துடாதேங்கோ."

முதல் இரண்டும் சாதாரணம், கன்னம் உப்பிய முகங்கள். வாசலுக்கு மேல் இருந்தது வேறு மாதிரி. சுபா நாற்காலியில் ஏறி போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். "திராட்சை இலைன்னு நெனச்சேன். இல்ல, ஓக் மர இலை! பக்கநரம்பு ஒவ்வொண்ணும் மடல் நுனி வரைக்கும் போகுது பாரு. கல்லுலகூட ஏமாத்தல, செதுக்கினவன்." அவள் குரலில் இவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

பிறகு முகத்தைப் பார்த்தாள். "இவன் கோவமா இல்லப்பா. ரொம்பக் களைச்சுப் போயிருக்கான். ரயில விட்டு எறங்கும்போது நீ இப்படித்தான் இருக்க." கீழே இறங்கினாள். "நான் வேலைய விட்டுடறேன். சிட்னிக்கு வந்துடறேன்."

உண்மையைச் சொல்கிறேன். இரண்டு மாதமாக அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவளாகச் சொல்லட்டும், பழி என் மேல் வேண்டாம் என்று களைப்பைக் காட்டிக்காட்டியே காத்திருந்தேன். கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அத்தனை உயரத்தில் இருக்கும் கல் இலையில் நரம்பு பார்க்கிறவளை எந்த வாயால் வேலையை விடச் சொல்வது? எனக்கு என் வேலையில் அப்படி ஒரு இலைகூட இல்லை.

"வேணாம், நான் விடறேன்" என்றேன்.

"பசி மயக்கத்துல பேசாத. சாப்பிட்டுட்டுச் சொல்லு."

பக்கத்துச் சந்தில் பதினெட்டு டாலருக்கு ஒரு நூடுல்ஸ், பாதிப் பாதி. சாப்பிட்டு முடித்து மறுபடியும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள், காரம் என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை மதியம் கல்யாணங்கள் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சின்ன பைனாகுலர் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் பூ வைப்பவர்களைக் கேளுங்கள். நாற்காலி விஷயம் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்மணிக்குத் தொந்தரவு வரும், பெயரை எழுதாததற்குக் காரணம் அதுதான். ரயிலில் கழுத்துத் தலையணை கட்டாயம்.

நேர அட்டவணை பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள். அந்தத் திங்கட்கிழமையே ராஜினாமா கொடுத்துவிட்டேன். இன்னொரு வேலை இன்னும் கிடைக்கவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. டூங்கபி வீட்டைக் காலி செய்துவிட்டேன். இந்தமுறை வாங்கியிருப்பது மெல்பர்னுக்குப் போவதற்கு மட்டும் டிக்கெட்.