நைனா காது

எல்லப்பனுக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டினவன். குதிரையை ஒரு நாளும் அடிச்சதில்லை. மனுஷனை அடிக்க ஒரு நாளும் யோசிச்சதில்லை. திருடனா, குடிகாரனா, மூஞ்சைப் பார்த்தே சொல்லிடுவேன்னு ஜம்பம் வேற. பாதி நேரம் அது சரியாவும் இருந்து தொலைச்சுது, அதான் கேடு.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகை. பிள்ளை பிடிக்கிறவன் திரியறான்னு கே.ஜி.கண்டிகை வரைக்கும் பேச்சு. மொட்டை போடுற பொய்கைக்கரை ஓரமா எல்லப்பன் வண்டியைப் பூட்டிக்கினு நிக்கிறான். மொட்டைத் தலையில் ஈரச் சந்தனத்தோட ஒரு ஆள் வந்தான். தோளில் சின்னப் பையன், அதுவும் மொட்டை, நல்ல தூக்கம். ஆள் கிட்ட வந்ததும் பையன் முழிச்சான். தூக்கிக்கினு இருந்தவன் முகத்தைப் பார்த்து வீல்னு அலறினான்.

"நைனா காது, நைனா காது."

தமிழ் மட்டும் தெரிஞ்சவனா இருந்தா, அப்பனுக்குக் காதுல ஏதோ வலி போலன்னு போயிருப்பான். எல்லப்பனுக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு. 'இவன் எங்கப்பன் இல்லை'ன்னு குழந்தையே சொல்லுது, இதுக்கு மேல சாட்சி எதுக்கு? போதாததுக்குப் பையன் வழுக்கி இறங்கி ஓடியாந்து எல்லப்பன் காலைக் கட்டிக்கினான்.

அந்த ஆள் வாயைத் திறந்தான். அந்த வாயிலேயே முதல் குத்து விழுந்துது. விழுந்தவனை எல்லப்பன் தூக்கி நிறுத்தி மறுபடியும் தாடையில விட்டான். பிள்ளை பிடிக்கிறவன்னு ஒரு குரல் கெளம்புச்சு, அவ்வளவுதான், கூட்டம் மொய்ச்சுகிச்சு. ஒருத்தன் விறகுக் கட்டையால முதுகுல போட்டான். ஒருத்தன் விரலை மிதிச்சு நசுக்கினான்.

"கொயந்த பேரு சொல்லுடா" என்று எல்லப்பன் வயித்துல உதைச்சான்.

ரத்தமும் பல்லும்தான் வந்துது, பேர் வரலை.

"பாத்தீங்களா, பேரே தெரியல."

திரும்பவும் உதைச்சாங்க. நெஞ்செலும்பு முறிஞ்ச சத்தம் நல்லாவே கேட்டுது.

ஈரப் புடவையோட ஒரு மொட்டைப் பொம்பளை கூட்டத்தைப் பிளந்துகினு வந்து அவன் மேல விழுந்தாள். அவளைப் பார்த்தும் பையன் அலறினான். "கூட்டாத்தான் வந்தீங்களாடி" என்று எல்லப்பன் கையை ஓங்கினான். அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"சின்னோடா, நேனேரா," நான்தான்டான்னு தெலுங்கில் சொன்னாள்.

பையன் அழுகை நின்னு போச்சு. அம்மா குரல். மெதுவாப் போய் அவள் தலையைத் தடவிப் பார்த்தான்.

நகரிப் பக்கத்து நெசவுக்காரக் குடும்பம். பையனுக்கு மொட்டை போட்டு, அவன் அழுது தூங்கினப்புறம், வேண்டுதலுக்காகப் பெத்தவங்களும் முடி கொடுத்திருக்காங்க. தலை நிறைய முடியோட இருந்த அப்பனைத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அம்மாவைக் குரலை வச்சுக் கண்டுகினான். அப்பன் கஜபதிக்குக் குரல் குடுக்க வாய் ஏது, அதைத்தான் எல்லப்பன் உடைச்சுட்டானே.

கூட்டம் கரைஞ்சு போச்சு. அடிச்சவங்களில் எல்லப்பன் ஒருத்தன்தான் மிச்சம். கஜபதியைத் தூக்கி வண்டியில் போட்டு, தாயையும் பிள்ளையையும் ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். "ஒரு வார்த்தை பேசு நைனா, புள்ள உங்கிட்ட வந்துடும்" என்று கெஞ்சினான். பையனோ அப்பன் பக்கம் திரும்பவே இல்லை. பின்னாலிருந்து எல்லப்பனோட பரட்டை முடியைக் கொத்தாப் புடிச்சுகினு, விக்கி விக்கி, "நைனா" என்றான். வீங்கின கண்ணைத் திறந்து கஜபதி அதைப் பார்த்துகினு கிடந்தான்.

எல்லப்பன் வண்டியை இன்னும் வேகமா விரட்டினான். அவங்களை ஆஸ்பத்திரியில் விட்டுட்டு நேரா பொய்கைக்கரைக்கு வந்து தலையைக் குடுத்தான். சாகிற வரைக்கும் அவன் முடி வளர்க்கலை. என்ன வேண்டுதல்னு ஊரே கேட்டுப் பார்த்துது, சொல்லலை.

அன்னைக்குச் சாயந்திரம் மொட்டைத் தலையோட ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனான். வாசலில் அவனைப் பார்த்ததும் பையன் மிரண்டு அம்மா முந்தானையில் ஒளிஞ்சுகினான்.

"நைனா காது" என்றான்.

"ஆங், நான் இல்ல கண்ணு" என்று எல்லப்பன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.