அம்பிட்டிய அனெக்ஸில் அம்மா

கைபேசியில் வாடகை வீட்டு விளம்பரம் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. சொந்த வீட்டில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவளுக்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு. நேற்று அம்பிட்டியவில் ஓர் அனெக்ஸ், வீட்டோடு ஒட்டிய தனிப்பகுதி, வந்திருந்தது. தனி வாசல், தனி மீட்டர், பெண்களுக்கு முன்னுரிமை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வீடு தேடிய காலத்தில் தனியாக வந்த பெண்ணுக்குக் கேட்டையே திறக்க மாட்டார்கள்.

அப்போது கண்டியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட் வேலை. போடிங் சோறு தின்று நாக்குச் செத்திருந்தது. குடும்பத்துக்குத்தான் வீடு என்று எல்லோரும் கைவிரித்ததால், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அண்ணனோடு இருந்த அம்மாவைக் கூட்டிவந்து, இதுதான் என் குடும்பம் என்று நிறுத்தினேன். யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் அம்பிட்டியவிலிருந்த தன் வீட்டுப் பின்பக்க அனெக்ஸைத் தந்தார். வேலை விட்டு வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள். அந்தச் சுகத்துக்காகவே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஓடிவருவேன்.

வாடகை என்ற சங்கதி மட்டும் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு. செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பேரை வெட்டினால் வீடும் போச்சு. அவள் கண்ட உலகம் அது. அதனால் விடிந்ததும் டீச்சரின் முற்றத்தைக் கூட்டுவாள், புல் பிடுங்குவாள். டீச்சரைத் தோட்டத்துத் துரையின் மனைவியைப் போலத் தொரசாணி என்பாள், கதிரையைக் காட்டினாலும் உட்கார மாட்டாள். எனக்கு மானம் போகும். வேண்டாம் என்றால், "சும்மா குந்தியிருந்தா எப்புடிடி இருக்க விடுவாங்க?" என்பாள்.

டீச்சர் நல்ல மனுஷி. வயதானவள் குனிந்து நிமிர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் சொன்னார்: "அம்மா, இனி நீங்கள் கூட்ட வேண்டாம். வேறை ஆளை வரச் சொல்லியிருக்கிறன்."

அன்று நான் வந்தபோது அம்மா சேலைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"பேர வெட்டிட்டாங்க புள்ள. வா, போயிருவோம்."

நான் சொன்னேன், டீச்சரும் வந்து சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றையும் நம்பவில்லை. மூட்டையை அவிழ்க்கவுமில்லை. தொரசாணி கண்ணில் படக்கூடாது என்று பகலெல்லாம் உள்ளேயே ஒடுங்கிக் கிடந்தாள். சோறும் இறங்கவில்லை. பார்க்கச் சகிக்காமல் நானே ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பிவந்து பூட்டைத் திறந்தபோது வந்த அழுகையை என்ன சொல்வது! பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

டீச்சர் வீடு கைமாறி மூன்று மாடியாகிவிட்டது. லயத்தையும் இடித்துவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே நான் கெலிஓயாவில் வீடு வாங்கினேன், உறுதிப் பத்திரம் என் பேரில். இங்கிருந்து நம்மை ஒருத்தரும் எழுப்ப முடியாது என்று அம்மாவிடம் சொல்வதற்காகத்தான் வாங்கினேன். நான் குடிபுகுமுன்பே, லயத்தில் அண்ணன் பேரில் இருந்த அந்த அறையிலேயே அவள் கண்ணை மூடிவிட்டாள்.