அரைஞாணில் முடிந்த வளையம்

என் இரட்டைக் கதவில் பித்தளைச் சங்கு பதிக்கக் குழி வெட்ட வந்த ஆசாரி, மரத்தைவிட, வேடிக்கை பார்ப்பவர் கைகளைத்தான் அதிகம் கவனிப்பார். சங்கு வடிவில் ஓட்டை அறுத்த அச்சுப் பலகையை மாலையில் என் வீட்டிலேயே விட்டுவிட்டு, குழி கடையும் ரூட்டர் இயந்திரத்தில் மாட்டும் வளையத்தை மட்டும் கழற்றி அரைஞாணில் முடிந்துகொள்வார்.

“அச்சு களவு போனா என்ன செய்வீரு?” என்றேன்.

“போவட்டும் அண்ணாச்சி. வளையம் ஓட இடம் விட்டு அறுத்தது அது. வளையம் இல்லாம வெட்டுனா குழி பெருத்துரும். கள்ளனை அவன் கதவே காட்டிக் குடுத்துரும்,” என்று என் கைகளைப் பார்த்தார்.

ஒரு கதவு முடிந்ததும் அச்சைக் காணோம். அவர் தேடவில்லை. சில நாள் கழித்து, உப்புக்காற்றில் தெருவின் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நடந்தவர், என் தம்பி வாசலில் நின்றார். அங்கே புதுச் சங்கைச் சுற்றி அரிசிமணி அகலத்துக்கு மெழுகு அடைத்திருந்தது.

“தம்பிக்கு அவசரம்,” என்றார் என்னிடம், சிரிக்காமல்.

வேறு அச்சு அறுத்து என் மறுகதவையும் முடித்துத் தந்தார். முதல் அச்சை என் வீட்டில் விட்டுப்போனது நம்பிக்கையா, தூண்டிலா? கதவைச் சாத்தும்போதெல்லாம் என் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.