படிக்காமல் அழுத்திய பொத்தான்

போன வருஷம் ஆவணி மாதம், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் நான் வேலை பார்க்கிறேன். ஆமத்தூரிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வந்து போகிறவள். கேட்டுக்குப் பக்கத்தில்தான் என் மேஜையும் கம்ப்யூட்டரும்.

எங்கள் வேலையில் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. யார் எந்த ரூம் என்று போர்மேன் தினமும் காலையில் பிரித்துவிடுவார். உள்ளே யாரும் போன் கொண்டுபோக முடியாது. அதனால் ஏதாவது ஒன்று நடந்தால், எந்த ரூமில் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்ல அந்தப் பட்டியலை விட்டால் வேறு வழியில்லை.

முன்பு அதை ஒரு நோட்டில் எழுதிவந்தோம். முதலாளியின் மகள் மதுரையில் என்ஜினீயரிங் படிக்கிறாள். அவள் இதற்கென்றே ஒரு வலைப்பக்கம் செய்துகொடுத்தாள். பிரவுசரில் திறந்து பெயரைத் தட்டினால் போதும். நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். தகவல் எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரே வேலையை ஏன் இரண்டு முறை செய்ய வேண்டும் என்று போர்மேனிடம் வாதாடி, நோட்டை நிறுத்த வைத்ததே நான்தான்.

அந்தப் பக்கத்தை முதல்முறை திறந்தபோது மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. நான் படிக்கவில்லை. ‘தடு’ என்று அர்த்தம் வரும் பொத்தானை அழுத்தினேன். அதற்குச் சில மாதம் முன்பு ஏதோ ஒரு தளத்துக்கு ‘அனுமதி’ கொடுத்துவிட்டு, நாள் முழுக்க விளம்பரமாக வந்து கொட்டியதில் வெறுத்துப்போயிருந்தேன். அன்றிலிருந்து எது கேட்டாலும் ‘தடு’தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. தடுத்த பிறகும் பட்டியல் ஒழுங்காகவே வேலை செய்ததால், அந்தக் கேள்வியை நான் அப்போதே மறந்துவிட்டேன்.

அந்த ஆவணியில் ஒருநாள் காலை எட்டரைக்கெல்லாம் எல்லாப் பெயரையும் ஏற்றி முடித்தேன். பிறகு அச்சகத்திலிருந்து பெட்டி லேபிள் டிசைன்களை பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிய பெரிய பைல்கள். இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. எதையோ அழித்து எப்படியோ ஏற்றினேன்.

பதினோரு மணி இருக்கும். கடைசி வரிசைப் பக்கம், வெடி காயவைக்கும் மேடையில் தீப்பிடித்தது. முதலில் ஒரு சத்தம், அப்புறம் தொடர்ந்து சடசடவென்று வெடி. மணி அடித்தார்கள். எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டுவிட்டு நான் பட்டியல் பக்கத்தைத் திறந்தேன். பட்டியல் வெறுமையாக இருந்தது. புதிதாகத் தொடங்கச் சொன்னது. மூடித் திறந்தேன். மறுபடியும் அதேதான்.

போர்மேன் மூச்சு வாங்க வந்து நின்றார். “லிஸ்ட்ட எடு தாயி. எல்லாரும் வந்துட்டாகளான்னு பாக்கணும்.”

“லிஸ்ட் இல்லண்ணே. அழிஞ்சுபோச்சு” என்றேன்.

அவர் திட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அழுவதற்கு இது நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே ஓடினேன். ரோட்டோரம் அவ்வளவு பேரும் ஒரே கும்பலாக நின்றார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

“யாரும் நிக்காதீக. ரூம் ரூமா உக்காருங்க. ஒண்ணாம் ரூம் இங்கன, ரெண்டாம் ரூம் அதுக்கடுத்து. உங்க ரூம்ல இன்னைக்கு யாரு யாரு இருந்தாகன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

உட்கார்ந்தார்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். பதினேழாம் ரூம் வரிசையில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னைக்கு எத்தன பேரு உக்காந்தீக?”

“நாலு பேருதான்க்கா. எப்பவும் ஒம்பதாம் ரூம்ல இருப்பாகள்ல, காரியாபட்டிக்கார அக்கா, அவுகள இன்னைக்கு எங்க கூடப் போட்டாக. பழைய ஆளுகளோட போயிருப்பாக.”

ஒன்பதாம் ரூமிடம் ஓடினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னைக்கு அவுக எங்க கூட இல்லையே. அவுக ரூம்காரங்களோட வந்திருப்பாகன்னுல்ல இருந்தோம்.”

அந்த அக்காவின் பெயரைக் காலையில் போர்மேன் சொன்னபடி பதினேழுக்கு மாற்றிப் போட்டது என் கைதான். இப்போது அவரைத் தேட யாருமில்லை. இவர்கள் அவர்களோடு என்று நினைக்க, அவர்கள் இவர்களோடு என்று நினைத்திருந்தார்கள்.

போர்மேனும் இன்னும் இரண்டு பேரும் பின்பக்க வேலி வழியாகச் சுற்றி ஓடினார்கள். நானும் போகப் பார்த்தேன். “நீ இங்கனயே நில்லு தாயி. மிச்ச ரூமையும் பாத்து முடி” என்று போர்மேன் சொல்லிவிட்டுப் போனார். பார்த்து முடித்தேன். மற்ற எல்லாரும் இருந்தார்கள்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பயத்தில் பின்பக்கமாக ஓடி, வேலியோரப் பள்ளத்தில் விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பக்கம்தான் காற்று புகையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவரைக் கொண்டுவந்து கொஞ்ச நேரத்தில், அந்தப் பள்ளத்தை ஒட்டியிருந்த ரூமும் பிடித்துக்கொண்டது.

“கத்திக் கத்திப் பாத்தேன் தங்கச்சி. வெடிச்சத்தத்துல யாருக்கும் கேக்கல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் முதலாளி மகள் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “பழைய கம்ப்யூட்டர், மக்கர் பண்ணிருச்சு போல” என்று போர்மேன் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

அவள் என்னிடம், “அக்கா, தகவல நிரந்தரமா வச்சுக்கவான்னு ஒரு கேள்வி வந்திருக்குமே?” என்றாள். அனுமதி கொடுத்திருந்தால் பிரவுசர் தானாக அதைத் தொடாது. கொடுக்காவிட்டால், இடம் பற்றாக்குறை வரும்போது கேட்காமலேயே அழித்துவிடும், லேபிள் பைல்களை ஏற்றியபோது நடந்தது அதுதான் என்று விளக்கினாள்.

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி கம்ப்யூட்டரோடு போயிருக்கும். “வந்துச்சு. படிக்காம நான்தான் தடுத்தேன்” என்று போர்மேன் முன்னாலேயே சொன்னேன். அவளும், “அதத் தடுத்தா என்ன ஆகும்னு நானும் உங்ககிட்டச் சொல்லலையேக்கா” என்றாள். அது எனக்குச் சமாதானமாக இல்லை.

அன்றைக்கே அவளை உட்காரவைத்துக் கற்றுக்கொண்டேன். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டுப் படத்தை அழுத்தினால், அந்தத் தளத்துக்கு எதை அனுமதித்திருக்கிறோம், எதைத் தடுத்திருக்கிறோம் என்று தெரிகிறது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பட்டியல் பக்கத்துக்குச் சேமிக்கும் அனுமதி கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு தளமாகப் பார்த்தேன். முன்பு விளம்பரம் கொட்டிய தளத்துக்கு இன்னும் அனுமதி இருந்தது, எடுத்தேன். புரியாத ஆங்கில வார்த்தையை எழுதிவைத்து அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் ஆனது.

நோட்டையும் திரும்பக் கொண்டுவந்தேன். தினமும் காலையில் பட்டியலை அதில் எழுதி, கேட்டில் ஆணியடித்து மாட்டுகிறேன். “ஒரே வேலைய எதுக்கு ரெண்டு தடவ செய்யுற?” என்று போர்மேன் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். செய்யத்தான் செய்வேன் என்றேன்.

அந்த அக்கா இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இன்றைக்கும் கம்ப்யூட்டர் மூலையில் ஒரு பெட்டி வந்து ஏதாவது கேட்டால் என் கை தானாக நின்றுவிடுகிறது. வேண்டாம் என்று சொல்வதென்றாலும், எதை வேண்டாம் என்கிறேன் என்று படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.