சத்தம் வராத வீடியோ

டும்... டுடும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து பாஸ்வேர்டு போட்டதும் இப்படி ஒரு மேளச் சத்தம் வரும். உபுண்டு லினக்ஸ் வணக்கம் சொல்லும் விதம் அது. எங்கள் ரூமில் அதுவே சண்டைக்கு ஆரம்பம். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன் போர்வைக்குள்ளிருந்தே கத்துவான்.

"எலேய், அந்தக் கொட்ட நிறுத்துல!"

2010 வாக்கில் சென்னையைத் தாண்டி சேரப்பணஞ்சேரியில் ஒரு வாடகை ரூமில் இருந்தோம். எல்லோரும் தெற்கத்திப் பையன்கள், ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் டிரெய்னி. சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தோம். ஊருக்குப் போகிறவன், வருகிறவன் எல்லாம் பென்டிரைவைச் செருகிச் செருகி அதில் வைரஸ் குடும்பம் நடத்தியது. ஒரு நாள் கடுப்பாகி, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு, விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸை ஏற்றிவிட்டேன்.

வைரஸ் ஒழிந்தது... கூடவே நிம்மதியும்!

பாட்டு போட்டால், அதை ஓடவைக்கிற குட்டி புரோகிராமான 'கோடெக் இல்லை' என்று சொல்லும். ரூமில் நெட் கிடையாது. படப்பை பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொண்டுவந்தால், 'இதற்கு முன்னால் இன்னொரு ஃபைல் வேண்டும்' என்று கேட்கும். மறுபடி படப்பை. அப்படியும் எனக்கு அதன் மேல் ஒரு வீம்பு. ரூமே திட்டத் திட்ட, விண்டோஸுக்குத் திரும்பவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியில் எங்கள் லைனில் பாபு என்று ஒரு லோக்கல் பையன், பிள்ளைப்பாக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமையானால் பாட்டு ஏற்ற வந்துவிடுவான்.

"இன்னா மச்சி உன் லினக்ஸு... டெலிட் பண்ணாலும் பென்டிரைவு ஃபுல்லுன்னே காட்டிகினு கீது?"

அவன் சொன்னது நிஜம்தான். பென்டிரைவில் நாம் அழிப்பதை லினக்ஸ் உடனே தூக்கிப் போடாது. அந்தப் பென்டிரைவிலேயே ஒரு குப்பைத்தொட்டியில் ஒளித்து வைத்துக்கொள்ளும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். இதை பாபுவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

ரூமில் முத்துராஜ் மட்டும்தான் கல்யாணமானவன். கோவில்பட்டிப் பக்கம். அந்தச் சமயத்தில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேலை கன்ஃபர்ம் ஆகிற நேரம், இப்போது லீவு கேட்காதே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இவன் போனில் யார் சாயல் என்று தினமும் கேட்பான். மாமியார் ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார். போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்து குழம்புவான்.

நான் ஊருக்குக் கிளம்பியபோது தன் பென்டிரைவைக் கொடுத்துவிட்டான். அவன் மச்சினன் செல்போனில் குழந்தையை எடுத்து, அதில் ஏற்றி, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என் கையில் கொடுத்தான். "போன்ல இடமில்லண்ணே, அழிச்சுட்டேன். பத்திரமா கொண்டு போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூமுக்கு வந்தேன். முத்துராஜ் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருந்தான். பென்டிரைவைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸோடு ஒரே மாதிரி நீல பென்டிரைவ் கொடுத்திருந்தார்கள். பாபுவிடமும் அதேதான். ஈரக் கையோடு நான் உள்ளே வரும்போது அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"மச்சி, பழசெல்லாம் மொத்தமா தூக்கிட்டேன். இப்ப குப்பைய காலி பண்ணவான்னு கேக்குது. ஓகே குடுத்துடவா?"

போன வாரம் மறந்து விட்டுப்போன அவன் பென்டிரைவ் ஜன்னலில் கிடந்தது. அப்படியானால் கம்ப்யூட்டரில் செருகியிருப்பது முத்துராஜுடையது.

"டேய்... மவுஸ விட்டுக் கைய எடுறா!"

குப்பைத்தொட்டியைத் திறந்தேன். 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர், உள்ளே ஒரே ஒரு வீடியோ. திருப்பி எடுத்து வைத்தேன். விஷயம் தெரிந்ததும் பாபு, "சொல்லாத மச்சி அவன்கிட்ட" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கிளம்பச் சொன்னாலும் கிளம்பவில்லை.

மத்தியானம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி யூனிஃபார்மோடு ஓடிவந்தான் முத்துராஜ். வீடியோவைப் போட்டேன். மங்கலான படம். தொட்டிலில் ஒரு குட்டி முகம் சுருங்கி, வாய் பெரிதாகத் திறந்து... அழுகிறாள்.

சத்தமே வரவில்லை.

செல்போன் வீடியோவின் ஒலிக்கு வேறு கோடெக் வேண்டுமாம். நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினேன், எதையெதையோ அமுக்கினேன். அதுவரை லினக்ஸுக்காக எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவனுக்கு அன்றைக்கு அதை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

"விடுல," என்றான் முத்துராஜ். "வாயி அப்படியே எங்க அம்மா வாயி. மறுபடி போடு."

மறுபடி போட்டேன். எத்தனை தடவை போட்டேனோ தெரியாது. கண்ணைத் துடைக்கக்கூட அவன் திரையை விட்டுத் திரும்பவில்லை. பாபு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

வேலை கன்ஃபர்ம் ஆனதும் முத்துராஜ் ஊருக்குப் போனான். மறுநாள் அவனிடமிருந்து போன். பேசவே இல்லை. போனைக் குழந்தை பக்கம் பிடித்திருக்கிறான் போல... வீல் என்று ஒரு அழுகை. நான் ஸ்பீக்கரில் போட்டேன். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டான். யாரும் திட்டவில்லை.

இப்போது குடும்ப குரூப்பில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே வீடியோ வந்துவிடுகிறது. தெளிவான படம், தெளிவான சத்தம். எந்தக் கோடெக்கும் தேட வேண்டியதில்லை.

நான் பஸ்ஸில் இருப்பேன், இல்லை மீட்டிங்கில் இருப்பேன். மியூட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.