விதைப்பை ஸ்கேன் யாருங்க?

பனியன் கம்பெனியில் ஆண்கள் ஜட்டியின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களிடம் அதைப் பற்றிக் கூசாமல் பேசுவேன். என் விதைப்பை வீங்கியதை மட்டும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய் என்று நானே முடிவுகட்டி, தொளதொள பேண்ட்டுக்கு மாறிக்கொண்டேன். கடைசியில் மனைவி கண்டுபிடித்து ஸ்கேன் சென்டருக்கு இழுத்துப்போனாள். சுற்றிலும் கர்ப்பிணிகள்.

“விதைப்பை ஸ்கேன் யாருங்க?” என்று வரவேற்பில் இருந்த பெண் கூவினாள்.

யாரந்தப் பாவி என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

“இவருதானுங்க” என்று மனைவி என்னைக் கைகாட்டினாள்.

டாக்டரம்மா ஜில்லென்று ஜெல் தடவி, கருவியை நகர்த்தித் திரையைப் பார்த்தார். “கட்டி இல்லீங்க. விதையைச் சுத்தித் தண்ணி கோத்திருக்குது, சின்ன ஆபரேஷன் போதும். ஏனுங்க இத்தனை நாள் வரலை?”

“கம்பெனியில லீவு தரலீங்க.”

“பொய் சொல்ல மட்டும் வெக்கமே இல்லீங்களா?” என்றாள் மனைவி.

அடுத்த வாரமே ஆபரேஷன் முடிந்தது.